பாசிக்கு இட்ட நஞ்சு



மயிலாப்பூரில் வளர்ந்தவர்களுக்குப் பாசி புதிதன்று. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் கீழ்ப்படிகளில் காலை வழுக்கிவிடும் பச்சை மெழுகும், கோடையில் சித்திரைக்குளத்து நீர் கொள்ளும் நிறமும், அடையாற்று முகத்துவாரத்தில் ஒடிந்து நிற்கும் பாலத்தின் தூண்களில் ஒட்டிக்கிடக்கும் இழைகளும் நாம் அன்றாடம் காண்பவை. அன்றாடம் காண்பதனாலேயே அவற்றைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அவற்றை ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றும் போதுதான் எண்ணுகிறோம்.

பாசியை ஒழிப்பதற்கு மனிதன் கண்ட மருந்துகள் நீரில் வாழும் பிற உயிர்களை, சிறப்பாகக் கடல்வாழ் உயிர்களை, என்ன செய்கின்றன? அதனை அறிந்துகொள்ள அவன் எவ்வாறு சோதனை செய்யக் கற்றான்? இதுவே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு. இதில் மன்னர்களும் போர்க்களங்களும் வாரா. கண்ணாடிச் சாடிகளும் மீன்களும், கண்ணுக்குப் புலப்படாத சில நுண்ணுயிர்களுமே வரும்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1984-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியனாக நான் சேர்ந்த புதிது. பள்ளித் தோட்டத்தில் ஓர் அல்லித் தொட்டி இருந்தது. மாணவர்கள் கொண்டுவந்து விட்ட பொன்மீன்கள் பத்துப் பன்னிரண்டு அதில் வளர்ந்தன. கோடை முற்றியதும் நீர் பச்சைப் பட்டாணியை அரைத்துக் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. மீன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளிக்கு விருந்தினர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்து, மயில்துத்தத்தை ஒரு கை அள்ளிச் சென்று தொட்டியில் கரைத்தேன். அது பாசியைக் கொல்லும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். மறுநாள் காலையில் மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிறு மேலாக மிதந்தன. மூன்றாம் நாள் நீர் தெளிந்துவிட்டது. விருந்தினர் வந்து, தொட்டி சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிச் சென்றனர்.

பின்னர் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னரே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. தொட்டி ஏறத்தாழ 2,000 லிட்டர் கொள்ளும். என் கைப்பிடியில் 50 கிராமேனும் இருந்திருக்கும். ஆக, லிட்டருக்கு 25 மில்லிகிராம். அதாவது நீரின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு. பொன்மீனுக்கு அரைப் பங்கே எல்லை என்று பழைய நூல்கள் சொல்கின்றன. நான் இட்டது அதைப் போல் 50 மடங்கு!

அடுத்த ஆண்டு, அந்தக் குற்ற உணர்வு தீராமல், வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேன். வெவ்வேறு அளவில் மயில்துத்தம் கரைத்த சாடிகளை வரிசையாக வைத்து, சாக்கடையில் கொசுப்புழு தின்னும் கப்பி மீன்களை ஒவ்வொன்றிலும் சில விட்டோம். எந்த அளவு வரையில் மீன் பிழைக்கிறது என்று கண்டு பலகையில் எழுதினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சார், மீன் சாகாத அளவு என்றால், அது யாருக்குமே கெடுதல் இல்லாத அளவா?” என்று கேட்டான். அன்று அவனுக்கு நான் சொன்ன விடை இப்போது எனக்கு நினைவில்லை. சரியான விடையாக இருந்திராது. இந்த வரலாறு முழுவதும் அவன் கேட்ட கேள்வியைச் சுற்றியே சுழல்கிறது என்பதைப் பல ஆண்டுகள் படித்த பின்னரே உணர்ந்தேன்.

மயில்துத்தம் என்பது தாமிரமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் நீல உப்பு. நீர்வாழ் உயிர்களுக்குத் தாமிரம் ஆகாது என்பதைக் கப்பலோட்டிகளே முதலில் பயன்படுத்திக் கொண்டனர். 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை, ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைத் தாமிரத் தகட்டால் மூடிச் சோதித்தது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுப்பதே அதன் முதல் நோக்கம். தகட்டின்மேல் பாசியும் சிப்பியும் கூட அதிகம் ஒட்டவில்லை என்பது உடன் கிடைத்த ஆதாயம். தகட்டிலிருந்து தாமிரம் சிறுகச் சிறுகக் கடலில் கரைவதனாலேயே இந்தக் காப்புக் கிடைக்கிறது. கரைந்த தாமிரம் அப்பால் எங்குச் சென்று யாரைத் தொடுகிறது என்பதை அக்காலத்தில் எவரும் கேட்கவில்லை. கடல் அவ்வளவு பெரிது என்ற நம்பிக்கை!

நம் கடற்கரைக் குப்பத்து மீனவர்களுக்கோ இந்தத் தொல்லையே இருந்ததில்லை. கட்டுமரத்தை அவர்கள் நாள்தோறும் கரையேற்றி, கட்டவிழ்த்து, மரங்களை வெயிலில் உலர்த்திவிடுவர். உலர்ந்த மரத்தில் பாசி ஏது, சிப்பி ஏது? நஞ்சின்றியே நடந்த காரியம் அது. ஆனால் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பலை நாள்தோறும் மணலில் ஏற்ற முடியாதன்றோ?

பாசிக்கு மருந்தாக மயில்துத்தத்தை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கிய ஆண்டு 1904. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர், குடிநீர்த் தேக்கங்களில் வளர்ந்து நாற்றம் தரும் பாசியை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மயில்துத்தமே கொன்றுவிடும் என்று காட்டி அறிக்கை வெளியிட்டனர். அதன் பயனாக நீர்த்தொழில் நூல்களில் ஓர் அட்டவணை இடம் பெற்றது. எந்த மீன் எந்த அளவு வரை தாங்கும் என்பதைக் காட்டும் அட்டவணை அது. டிரௌட் என்னும் குளிர்நாட்டு மீனுக்கு 0.14 பங்கு, பொன்மீனுக்கு 0.5, கரும்பாஸ் மீனுக்கு ஏறத்தாழ 2 பங்கு. ஒரே நஞ்சு, ஒரே வகையான நீர், எல்லாம் மீன்களே. அப்படியிருந்தும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பதினைந்து மடங்கு வேறுபாடு இருப்பதைக் காணுங்கள். ஆகவே “மீன் தாங்கும்” என்று ஒருவர் சொன்னால், “எந்த மீன்?” என்று உடனே கேட்க வேண்டும்.

அக்காலத்தில் சென்னையிலும் பாசியை ஆராய்ந்தவர்கள் இருந்தனர். கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய எஸ். வி. கணபதி, நகருக்கு நீர் தரும் செங்குன்றம் ஏரியையும் குளங்களையும் ஆராய்ந்தார். ஆண்டு முழுவதும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி மூடிக்கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி 1940-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இந்நாட்டில் எழுந்த முன்னோடி ஆராய்ச்சிகளுள் ஒன்று. இன்னொருவர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார். 1886-இல் பிறந்து 1963-இல் மறைந்த இப்பெரியார் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இராமேசுவரத்தை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-இலேயே எழுதியவர். அவர் மாணவர் வழியில் வந்த தி. வெ. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசி நூல் இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. மருந்துச் சோதனையைப் பற்றிப் பேசுமிடத்தில் இவர்களை நினைவுகூர்வது ஏன் என்றால், ஒரு பாசியின் பெயரை அறிந்து, அதனைத் தனியே பிரித்து, புட்டியில் வளர்க்கத் தெரிந்தவர்களால்தான் அது நஞ்சுக்கு எவ்வாறு இணங்குகிறது என்பதைச் சோதிக்க முடியும். பெயர் தெரியாத உயிர் மடிந்தால் மடிந்ததே தெரியாது.

இனிக் கடலுக்கு வருவோம். குளத்துப் பாசியை வேண்டாத பொருள் என்று ஒதுக்கிவிடலாம். கடற்பாசியை அவ்வாறு ஒதுக்க இயலாது. நிலத்தில் மாட்டுக்குப் புல் எப்படியோ, கடலில் மீன்குலத்துக்கு மிதக்கும் நுண்பாசி அப்படி. நுண்பாசியைத் தின்னும் சிற்றுயிர். சிற்றுயிரைத் தின்னும் நெத்திலி. நெத்திலியைத் தின்னும் வஞ்சிரம். எனவே கடலில் பாசிக்கொல்லியை இடுவது மேய்ச்சல் நிலத்தில் களைக்கொல்லியைத் தெளிப்பதற்கு ஒப்பாகும்.

எனினும் கடற்பாசியே பகையாகும் காலமும் உண்டு. சில நுண்பாசிகள் திடீரெனப் பெருகி, கடல் நீரின் நிறத்தையே மாற்றி, மீன்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், மலையாளக் கரையில் இவ்வாறு மீன்கள் மடிந்ததை ஆராய்ந்து, 1917-இல் சென்னை மீன்துறை வெளியீட்டில் எழுதினார். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் இத்தொல்லை மிகப் பெரிது. அங்கு அதனைச் ‘செங்கடற்பெருக்கு’ என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். அதற்குக் காரணமான நுண்ணுயிருக்கு அப்போது ஜிம்னோடினியம் பிரெவே என்று பெயர். இன்று கரீனியா பிரெவிஸ் என்பர்.

1957-ஆம் ஆண்டு, அந்நாட்டு மீன்வளத் துறையினர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை அடுத்த கடலில் துணிந்து ஒரு காரியம் செய்தனர். சுமார் 16 சதுர மைல் பரப்புள்ள கடலின்மேல் விமானங்களிலிருந்து மயில்துத்தத்தைத் தூவினர். என் கைப்பிடி மயில்துத்தத்தின் பேருருவம் என்று சொல்லுங்கள்! தூவிய இடத்தில் அந்த நுண்ணுயிர் விரைவில் மடிந்தது. ஆனால் கடலுக்குக் கரை கட்ட முடியுமா? சில நாட்களிலேயே நீரோட்டத்தோடு அது மீண்டும் வந்து சேர்ந்தது. செலவோ மிகுதி, பயனோ சில நாள். தாமிரம் மற்றக் கடலுயிர்களுக்கு இழைக்கும் தீங்கு வேறு.

அவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. இந்நுண்ணுயிரை மட்டும் கொன்று மற்றவற்றை விட்டுவைக்கும் இரசாயனம் ஏதேனும் உண்டா என்று தேடப் புகுந்தனர். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் ஆய்வுக்கூடத்தில் மார்வின், பிராக்டர் என்னும் இருவர் ஒன்றல்ல, நூறல்ல, 4,306 இரசாயனங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1964-இல் முடிவை வெளியிட்டனர். மாணவர்களே, 4,306 முறை கரைசல் கலக்கி, 4,306 முறை நுண்ணுயிரை அதில் விட்டு, உருப்பெருக்கியில் குனிந்து பார்த்து, குறித்துவைத்த அந்தப் பொறுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மிகக் குறைந்த அளவிலேயே அதனைக் கொல்லக் கூடியவையாகத் தேறியவை மிகச் சிலவே. அவ்வாறு தேறினாலும் மீன், இறால், நண்டு ஆகியவற்றுக்கு ஊறு செய்யாதா என்னும் அடுத்த கேள்வி காத்திருந்தது. இந்த முயற்சியிலிருந்து கடலில் தூவத்தக்க மருந்து எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. இதனை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். முன்னர் விமானத்தில் ஏறித் தூவிவிட்டுப் பின்னர் பார்த்தவர்கள், இப்போது புட்டியில் பார்த்துவிட்டுத் தூவாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

புட்டிச் சோதனை எவ்வாறு நடக்கிறது என்று கேட்பீர்கள். மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பல கலங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையுள்ள உயிர்களை விட்டு, குறித்த காலம் கழித்துப் பிழைத்தவற்றை எண்ணுவர். பாதி உயிர்கள் மடியும் அளவு எதுவோ அதுவே அம்மருந்தின் கொடுமைக்கு அளவுகோல். எல்லாம் மடியும் அளவைக் கொள்ளாமல் பாதியைக் கொள்வதேன்? ஒரு கூட்டத்தில் மிக வலியது ஒன்றும் மிக மெலியது ஒன்றும் இருக்கும். அவற்றை நம்பிக் கணக்கிட்டால் விடை சோதனைக்குச் சோதனை மாறும். நடுவிலுள்ளவை மாறுவது குறைவு. இக்கருத்தை 1927-இல் டிரெவன் என்னும் ஆங்கிலேயர் மருந்தியலில் நிலைநாட்டினார். பின்னர் மீன்சோதனையிலும் அது புகுந்தது. மீன்களுக்குக் காலம் 96 மணி, அதாவது நான்கு நாள். திங்களன்று தொடங்கி வெள்ளியன்று முடித்தால் சனி ஞாயிறு விடுமுறைக்கு இடையூறில்லை, அதனால்தான் நான்கு நாள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கலத்தில் இட்ட அளவும் உயிரைத் தொடும் அளவும் ஒன்றல்ல. 1976-இல் சண்டா, கில்லார்டு என்னும் இருவர் கடல் நுண்பாசிகளைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினர். நீரில் தனித்து நிற்கும் தாமிர அயனியே நுண்பாசியை வாட்டுகிறது. மட்கிய கரிமப் பொருள்களோடு பிணைந்துவிட்ட தாமிரம் அவ்வளவாக வாட்டுவதில்லை. ஆதலால் ஒரே அளவு தாமிரம் தெளிந்த கடல் நீரில் கொடியதாகவும், அடையாற்றின் கலங்கிய நீரில் ஓரளவு சாந்தமாகவும் இருக்கக் கூடும். எந்த நீரில் சோதித்தாய் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியாயிற்று.

கப்பல் வண்ணப் பூச்சின் கதை இதைவிடப் படிப்பினை மிக்கது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களிலும் தூண்களிலும் ஒட்டி வளரும் உயிர்களை எம். டி. பால் என்பவர் ஆராய்ந்து 1942-இலும், டேனியல் என்பவர் ஆராய்ந்து 1954-இலும் எழுதினர். எந்த மாதத்தில் எந்த உயிர் வந்து ஒட்டுகிறது, எதன்மேல் எது ஏறுகிறது என்பதெல்லாம் அக்கட்டுரைகளில் விரிவாக உள்ளன. இவ்வுயிர்களைத் தடுக்கத் தாமிரப் பூச்சு வந்தது. அது சிப்பியையும் கொட்டலசையும் தடுத்தது. ஆனால் சில பாசிகள் தாமிரத்துக்கும் அஞ்சாமல் வளர்ந்தன. ஈயமன்று, வெள்ளீயம் கலந்த கரிமச் சேர்மங்கள் 1960-களுக்குப் பின் பரவின. அவை எல்லாவற்றையும் தடுத்தன. பிரான்சு நாட்டு ஆர்க்கசோன் விரிகுடாவில் உணவுச் சிப்பிகளின் ஓடு தடித்து உருமாறி, குஞ்சுகள் பிழைக்காமல், சிப்பி வளர்ப்போர் வாழ்வே ஆட்டங்கண்டது. 1982-இல் அந்நாடு சிறு படகுகளில் அப்பூச்சைத் தடை செய்தது. 2001-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது.

வெள்ளீயம் போன இடத்தில் மீண்டும் தாமிரம் வந்தது. தாமிரத்துக்கு அஞ்சாத பாசியை அடக்க, இர்கரோல் என்னும் பாசிக்கொல்லியைப் பூச்சில் கலந்தனர். சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் இலைத்தொழிலையே நிறுத்திவிடும் பொருள் அது. மீனிடம் அந்தத் தொழில் இல்லை; ஆகவே நான்கு நாள் மீன்சோதனையில் இர்கரோல் சாதுவாகவே தோன்றும். என் மாணவன் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? 1993-இல் பிரான்சின் தென்கரைப் படகுத்துறைகளில் இப்பொருள் நீரில் கலந்திருப்பது அளந்தறியப்பட்டது. பின்னர் நுண்பாசிகள், கடற்புற்கள், பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் ஆகியவற்றைக் கொண்டு சோதித்தபோது, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவே அவற்றில் சிலவற்றின் இலைத்தொழிலைக் குன்றச் செய்வது தெரிய வந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2021-இல் உலகக் கடல்சார் அமைப்பு தீர்மானித்து, 2023 சனவரி முதல் நாளிலிருந்து கப்பற்பூச்சில் அதனைத் தடை செய்தது. முதன்முதலில் நீரில் கண்டதற்கும் தடைக்கும் இடையே 30 ஆண்டு! மன்னார் வளைகுடாவில் பவளமும் பாக் நீரிணையில் கடற்புல்லும் உடைய நமக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று.

நமக்கு மிக அருகில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், வேறொரு நிலைமை. அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984 சனவரியிலும் இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக முறையில் இயங்கத் தொடங்கின. குளிர்விக்கும் நீர் கடலடித் தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில், 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே வருகிறது. இருண்ட சுரங்கம், ஓயாத நீரோட்டம், அந்நீரோட்டத்தில் மிதந்து வரும் உணவு. பச்சைச் சிப்பிக்கு இதைவிட நல்ல மனை வேண்டுமா? அங்கு அவை அடர்ந்து வளர்ந்தன. அவற்றைத் தடுக்கவும், குழாய்களில் படியும் மென்படலத்தைத் தடுக்கவும் குளோரின் இட வேண்டியதாயிற்று. இங்கே விஞ்ஞானிகள் கண்ட செய்தி வியப்புக்குரியது. குளோரினை உணர்ந்ததும் வளர்ந்த சிப்பி ஓட்டை மூடிக்கொள்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினை இடைவிடாமல் கொடுத்தாலும், பச்சைச் சிப்பிகள் யாவும் மடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதே நீரில் வரும் மிதவை நுண்பாசிக்கு மூடிக்கொள்ள ஓடு ஏது? கொல்ல நினைத்தது தாங்குகிறது. கொல்ல நினையாதது துவள்கிறது.

குளோரின் சோதனையில் மற்றொரு தொல்லையும் உண்டு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. இட்ட குளோரின் கணத்தில் அதனோடு வினைபுரிந்து புரோமின் சேர்மங்களாக மாறிவிடும். மூடிய சாடியில் அளவு மணிக்கு மணி குறையும். காலையில் இட்ட அளவை மாலையில் உயிர்கள் அனுபவிப்பதில்லை. ஆகவே மருந்து கலந்த நீரை ஓடவிட்டுக்கொண்டே சோதிக்க வேண்டும். சாடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1993-இல் வகுக்கப்பட்ட பொதுத் தரங்கள், ஆற்றில் விடும் கழிவுநீரானாலும் கடலில் விடும் கழிவுநீரானாலும், கலப்பில்லாத அந்நீரில் 96 மணி நேரம் மீன்களை விட்டால் நூற்றுக்கு 90 பிழைக்க வேண்டும் என்கின்றன. தாமிரம் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கின்றன. மீன் பிழைக்கிறதா என்று சட்டமே கேட்பது பெரிய காரியம். என் போன்ற கைப்பிடிக்காரர்களை அது தடுத்திருக்கும். ஆனால் நுண்பாசி வளர்கிறதா என்று அவ்விதி கேட்கவில்லை.

அமெரிக்கர், கடல் நீரில் கரைந்த தாமிரம் நீண்ட காலத்துக்கு 3.1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று வகுத்தனர். மூன்று மில்லிகிராமுக்கும் மூன்று மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு. இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பழிகூறுதல் நியாயமாகாது. முன்னது குழாய் முனையில் எல்லை. பின்னது கடலில் கலந்து பரவிய பின் எல்லை. குழாயிலிருந்து விழுந்த நீர் கடலோடு ஆயிரம் மடங்கு கலந்துவிட்டால் இரண்டும் ஒன்றே. கலக்கிறதா என்பதுதான் கேள்வி. திறந்த கடலில் கலக்கலாம். அடையாற்று முகத்துவாரத்தையோ, ஆண்டில் பல மாதங்கள் மணல்திட்டு அடைத்துக்கொள்கிறது. அம்மாதங்களில் உள்ளே வந்தது உள்ளேயே நிற்கும்.

அந்தக் கழிமுகத்தில் முன்பு யார் யார் வாழ்ந்தனர் என்பதற்கு நல்ல சான்று ஒன்று நம்மிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த என். கேசவ பணிக்கரும் ஆர். கோபால அய்யரும் சென்னையின் உவர்நீர் உயிர்களைப் பற்றி 1937-இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினர். பணிக்கர் பிற்காலத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் தலைவரானவர். எந்த உயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும், மழைக்காலத்தில் எது மறைந்து கோடையில் எது மீளும் என்பதை அவர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். நஞ்சைச் சோதிப்பவர்களுக்கு இத்தகைய பட்டியல் இன்றியமையாதது. கடை மீனைக் கொண்டு சோதிப்பதைவிட, அந்த நீரிலேயே வாழ்ந்த உயிரைக் கொண்டு சோதிப்பது எவ்வளவோ மேல். கல்லூரி மாணவர்கள் அக்கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

மீன்களைக் கொல்லாமலே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் மீன்சாடியைக் கைவிட்டு இதைத்தான் செய்துவந்தேன். பெசன்ட் நகர்க் கரையில் அலை ஓய்ந்த நேரத்தில் ஒரு புட்டி கடல் நீர் எடுத்து, துணியில் வடிகட்டி, ஆறு சிறு கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பிச் சன்னலோரம் வையுங்கள். இரண்டை மருந்தில்லாமல் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் போதாது, ஒன்று தற்செயலாகக் கெட்டுப்போகலாம். மற்ற நான்கில் மயில்துத்தக் கரைசலைப் பத்துப் பத்து மடங்காகக் குறைத்து விடுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்து உருப்பெருக்கியில் நுண்பாசிகளை எண்ணி எழுதுங்கள். நான்காம் நாளோடு நிறுத்தாமல் பத்து நாள் எண்ணுங்கள். மருந்திட்ட குப்பியில் பாசி மடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மருந்தில்லாத குப்பியைவிட மெதுவாக வளர்ந்திருந்தாலும் அதுவும் குறிக்க வேண்டிய விளைவே. சோதனை முடிந்தபின் குப்பிநீரைக் கழிவுத்தொட்டியில் கொட்டிவிடாமல், ஒரு புட்டியில் சேர்த்து மூடி, பெயரெழுதி இரசாயன ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கையைச் சவுக்காரமிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.